மணலில் எழுதிய பாடம்

கல்லூரியில் எனக்கு ஒரு பேராசிரியர் இருந்தார். வருவார், மஞ்சளேறிய நோட்டைத் திறப்பார், ஐம்பது நிமிடம் வாசிப்பார், போய்விடுவார். இன்னொருவரோ ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, 'ம்... சொல்லுங்கப்பா' என்று மேஜையில் சாய்ந்துகொள்வார். அப்புறம் எங்களுக்குள் அடிதடி ஒன்றுதான் பாக்கி! முன்னவர் வாசித்ததில் ஒரு வரிகூட ஞாபகமில்லை. பின்னவர் வகுப்பு இன்னும் காதில் கேட்கிறது.

உங்களுக்கும் அப்படித்தானே? 'இதெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்தது சார்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கதை நேர் எதிர்!

1787-ல் மதராஸுக்கு வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார். எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளி அவர் பொறுப்பில் இருந்தது. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில், பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்தார். 'அட!' என்று தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்களுக்கு இஷ்டமில்லை. உடனே பெல், ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, 'நீயே சின்னவங்களுக்குச் சொல்லிக் கொடு' என்று விட்டுவிட்டார். பையன் ஜெயித்துவிட்டான்!

நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளைக்கு இதில் புதுமை ஏதுமில்லை. ஆனால் 1797-ல் பெல் லண்டனில் புத்தகம் போட்ட பிறகு, 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் போனது. விவாதம் என்று சொல்லிவிட முடியாது, பெரும்பாலும் ஒப்பிப்புதான். இருந்தாலும், வாத்தியாரின் வாயிலிருந்த பாடம் பிள்ளைகளின் வாய்க்கு வந்துவிட்டதே!

இங்கேயோ 'கையைக் கட்டு, வாயைப் பொத்து' என்பதே நிலைத்தது.

இருநூறு வருஷம் கழித்து அந்தப் பேச்சு திரும்பி வந்தது, வேலூர்ப் பக்கமாக. அங்கே ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது ஒடுகத்தூர். இந்த மலைக் கிராமங்களில் ஐந்து வகுப்புக்கும் ஒன்றிரண்டு ஆசிரியர்கள்தான் என்றால், யாருக்கு 'லெக்சர்' அடிப்பது? பெற்றோருடன் பிழைக்கப் போய், ரெண்டு மாசம் கழித்து வரும் பிள்ளைக்கு, நடந்து முடிந்த பாடத்தை யார் திரும்ப நடத்துவது?

1990-களின் பிற்பகுதியில் வேலூர் கலெக்டராக இருந்த எம்.பி. விஜயகுமாருக்கு இதைவிடப் பெரிய தலைவலி. கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட குழந்தைகள்! பத்து வயசு ஆகியும் 'அ' தெரியாத பையனை எந்த வகுப்பில் உட்கார வைப்பது? மதனப்பள்ளி அருகே ரிஷிவேலி பள்ளியினர் கிராமக் குழந்தைகளுக்காக அட்டைகளை வைத்து உருவாக்கிய முறை கைகொடுத்தது. 2003-ல் அவர் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 13 பள்ளிகளில் நுழைந்த அந்த முறை, 2007-08-ல் மாநிலம் முழுக்க 37 ஆயிரத்துக்கும் அதிகமான பள்ளிகளுக்குப் பரவியது. அதுதான் 'செயல்வழிக் கற்றல்'.

வாத்தியார் பாயில் உட்கார்ந்தார். கரும்பலகை குழந்தையின் உயரத்துக்கு இறங்கியது. குழுக்களில் ஒன்று, கூடப் படிக்கும் பிள்ளையின் துணையோடு கற்பது. ஃபிரிஸ்கன் திரும்பி வந்துவிட்டான்! லீவு போட்ட பிள்ளை, ஏணியில் விட்ட படியிலிருந்தே ஏறலாம்.

குறை இல்லாமல் இல்லை. 'அட்டையை அடுக்கவே நேரம் சரியாப் போகுது' என்றார்கள் ஆசிரியர்கள். 'வாத்தியார் பாடமே எடுக்கறதில்ல' என்றார்கள் பெற்றோர். பிறகு அரசு அதை எளிமைப்படுத்தியது, மாற்றியது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது.

முறைகள் மாறட்டும். வகுப்பில் யார் குரல் அதிகம் கேட்கிறது? இன்று உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், 'என்ன படிச்சே?' என்று கேட்காதீர்கள். 'என்ன பேசினே?' என்று கேளுங்கள்!