ஓடாத காருக்கு எதற்கு சர்வீஸ்?

விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பராமரிப்புக் கையேட்டைப் புரட்டினால், ஒரே நிபந்தனை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை ஆண்டுகள், இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது சர்வீஸ் செய்ய வேண்டும். கிலோமீட்டர் கணக்கு நமக்கு எளிதில் விளங்குகிறது. ஓட ஓடப் பாகங்கள் தேய்கின்றன. ஆண்டுக் கணக்கு எதற்காக? உறை போர்த்திக் கொட்டகையில் நிற்கும் காரில் என்ன தேய்ந்துவிடப் போகிறது? இந்தக் கேள்விக்கு இத்தாலியின் ஃபெராரி கார்களுடைய வரலாறு நல்ல விடை தருகிறது.

முதலில் எஞ்சினுக்குள் சற்று எட்டிப் பார்ப்போம். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை உருளைக்குள் நுழைவதற்கும், எரிந்த வாயு வெளியேறுவதற்கும் வால்வுகள் உள்ளன. அவற்றைத் திறப்பது காம் தண்டு. பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் தண்டு இரு முறை சுழலும்போது காம் தண்டு சரியாக ஒரு முறை சுழல வேண்டும். இவ்விரண்டையும் பிணைக்க ஏதேனும் ஒன்று தேவை. பல்சக்கரங்களாலும் பிணைக்கலாம், சங்கிலியாலும் பிணைக்கலாம்.

1947-ல் ஃபெராரி என்ற பெயருடன் வெளிவந்த முதல் கார் 125 எஸ். கொலம்போ என்ற பொறியாளர் வடிவமைத்த அதன் எஞ்சின் ஒன்றரை லிட்டர்தான். ஆனால் 12 உருளைகள்! அதில் காம் தண்டுகளைச் சுழற்றியது சங்கிலி. சங்கிலி எண்ணெயில் நனைந்தபடி பல்லாண்டுகள் உழைக்கும். ஆனால் அதற்கு எடை உண்டு, இரைச்சலும் உண்டு. நாளடைவில் சிறிது நீளவும் செய்யும்.

இதற்கு மாற்று எங்கிருந்து வந்தது தெரியுமா? தையல் இயந்திரத்திலிருந்து! ஊசியின் அசைவும் கீழே நூல் கோக்கும் பகுதியின் அசைவும் இம்மியும் பிசகாமல் ஒத்துப்போவதற்காக, 1940-களில் அமெரிக்காவில் பல் வைத்த ரப்பர் பட்டை உருவாயிற்று. சாதாரணப் பட்டை வழுக்கும்; பல் வைத்த பட்டை வழுக்காது. மேற்கு ஜெர்மனியில் 1962-ல் விற்பனைக்கு வந்த கிளாஸ் 1004 என்ற சிறிய கார்தான் இப்பட்டையை எஞ்சினுக்குள் முதன்முதலாகப் பெருமளவில் கொண்டுவந்தது. 1966-ல் ஃபியட் நிறுவனமும் இரட்டைக் காம் தண்டு எஞ்சின் ஒன்றில் அதைப் பொருத்தியது. அந்த எஞ்சினை அமைத்த லம்பிரெடி, அதற்கு முன் ஃபெராரியில் பணியாற்றியவர். 1973-ல் ஃபெராரியின் 365 ஜி.டி.4 பி.பி., 308 ஜி.டி.4 ஆகிய கார்களுக்கும் பட்டை வந்து சேர்ந்தது. இலேசானது, ஓசை குறைவு, எண்ணெயும் வேண்டாம். நம் தெருக்களில் ஓடிய மாருதி 800-லும் இத்தகைய பட்டைதான் இருந்தது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

ஆனால் இரும்புக்கு இல்லாத ஒரு குணம் ரப்பருக்கு உண்டு. சும்மா இருந்தாலும் அதற்கு முதுமை வருகிறது. பட்டையின் உள்ளே கண்ணாடி இழைகள், சுற்றிலும் செயற்கை ரப்பர், பற்களின் மேல் நைலான் துணி. எஞ்சினின் வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் சேர்ந்து ரப்பரை மெல்ல மெல்ல இறுகச் செய்கின்றன. இறுகிய ரப்பர் வளையும்போது வெடிப்பு விடுகிறது. எண்ணெய் பட்டாலோ நிலைமை இன்னும் மோசம்.

பட்டை அறுந்தால் என்ன ஆகும்? 1999-ல் வந்த 360 மொடேனாவின் எஞ்சின் நிமிடத்திற்கு 8,500 சுற்றில் தன் முழுத் திறனைத் தருகிறது. அப்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு ஏறத்தாழ 70 தடவை திறந்து மூடுகிறது. எட்டு உருளைகளுக்கு இத்தகைய வால்வுகள் 40. பட்டை அறுந்த அக்கணமே காம் தண்டு நின்றுவிடும். பிஸ்டன்களோ நிற்பதில்லை, மேலே வந்து, திறந்தபடி நிற்கும் வால்வுகளை மோதி வளைத்துவிடும். பட்டையின் விலை அந்த எஞ்சினின் விலைக்கு முன் தூசு. இதனால்தான் கார் மாதிரியைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், பட்டையை மாற்றும்படி கூறினார்கள்.

மாற்றுவது எளிதா என்று கேட்பீர்கள். 1984-ல் வெளியான டெஸ்டரோசாவில் 12 உருளை எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னே அடைபட்டுக் கிடந்தது. பட்டைகள் எஞ்சினின் முன்முகத்தில், அதாவது இருக்கைச் சுவரை ஒட்டி! அங்கே கை நுழையாது. எனவே பின்புறச் சட்டத்தைக் கழற்றி, எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் ஒன்றாகக் கீழே இறக்கியாக வேண்டும். ஒரு ரப்பர்த் துண்டுக்காக இவ்வளவு பாடு! அழகை முதலில் வரைந்துவிட்டு, மெக்கானிக்கின் கையைக் கடைசியில் நினைத்தார்களோ என்று தோன்றுகிறது. 1994-ல் வந்த எஃப் 355-க்கும் இதே கதிதான். 360 மொடேனாவில்தான் இருக்கைகளுக்குப் பின்னே ஒரு மூடி வைத்தார்கள். அதைக் கழற்றினால் பட்டை எதிரிலேயே தெரியும்.

2004-ல் வந்த எஃப் 430, பட்டையைக் கைவிட்டுச் சங்கிலிக்கே திரும்பியது. அதோடு ஆண்டுக் கணக்கு ஒழிந்ததா? இல்லை. எஞ்சின் எண்ணெயில் ஈரமும் எரிபொருளின் கழிவும் சேர்கின்றன. குறைந்த தூரமே ஓடி நின்றுவிடும் எஞ்சின் முழுச் சூடு அடையாததால் அந்த ஈரம் ஆவியாவதில்லை. சங்கிலியின் ஆயுளோ அந்த எண்ணெயை நம்பியது. பிரேக் திரவத்தின் கதையும் இதுவே. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழ்கிறது. வேகமாக வந்து கடுமையாக பிரேக் பிடிக்கும்போது திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் தோன்றினால், மிதியை அழுத்தியும் கார் நிற்காது.

2011-ல் ஃபெராரி தன் புதிய கார்களுக்கு ஏழாண்டுப் பராமரிப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. அதில் இடைவெளி 20,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு. இத்தகைய கார்களுள் பல ஓராண்டில் அந்தத் தூரத்தில் சிறு பங்குகூட ஓடுவதில்லை; ஆகவே பெரும்பாலும் முந்துவது நாட்காட்டிதான். பட்டைக் காலத்துப் பழைய ஃபெராரி ஒன்றை விலை பேசுவோர், வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. பட்டை மாற்றிய ரசீதை வாங்கி அதிலுள்ள தேதியையும் பார்க்கிறார்கள்.