எக்ஸ்பி: ஓய்வு பெற்ற பின்னும் வேலை பார்த்த இயங்குதளம்



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கொடுத்து வந்த ஆதரவு முடிந்துபோனது. அன்றிலிருந்து உங்களில் பலர் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். "சார், கம்ப்யூட்டர் நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?"

கேள்வி நியாயமானது. ஆனால் புதியது அல்ல. 2014-ல் உலகம் முழுக்க இதே கேள்வி எழுந்தது. பதில் 2017-ல் கிடைத்தது. வாத்தியார் மறுபடி அறிவுரை சொல்ல வந்துவிட்டார் என்று யாரும் ஓட வேண்டாம். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முடிவு உங்களுடையது.

விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபர் 25-ல். பெயர் மறந்திருந்தாலும் அதன் முகப்புப் படம் உங்களுக்கு மறந்திருக்காது. நீல வானம், வெள்ளை மேகம், கீழே பச்சைக் குன்று. வரைந்த படம் என்றே பலர் நினைத்தார்கள். அது கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் சார்லஸ் ஓ'ரியர் என்பவர் 1996-ல் கேமராவில் எடுத்த நிஜப் படம்.

தமிழுக்கும் எக்ஸ்பிக்கும் ஒரு உறவு உண்டு. அதற்கு முன்பு ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை இருந்தது. ஒரு கம்ப்யூட்டரில் அடித்த கடிதத்தை இன்னொன்றில் திறந்தால் எழுத்தெல்லாம் கிறுக்கலாகத் தெரியும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு இதை ஒழுங்குபடுத்த முயன்றது. ஒருங்குறித் தமிழும் 'லதா' எழுத்துருவும் விண்டோஸ் 2000-த்தில் வந்தன. வீட்டுக் கம்ப்யூட்டர் வரை அவற்றைக் கொண்டுவந்தது எக்ஸ்பி. அதிலும் கண்ட்ரோல் பேனலுக்குப் போய் ஒரு கட்டத்தில் டிக் அடித்து, சி.டி.யைப் போட்டால்தான் தமிழ் எழுத்துகள் ஒழுங்காகச் சேர்ந்து நிற்கும். இன்று நீங்கள் போனில் சர்வ சாதாரணமாகத் தமிழ் அடிப்பதற்குப் பின்னால் இத்தனை படிகள் இருக்கின்றன.

இனி 'அப்டேட்' கதைக்கு வருவோம். பல லட்சம் வரிகள் கொண்ட மென்பொருளில் ஓட்டை இல்லாமல் இருக்காது. ஓட்டை கண்ணில் படும்போதெல்லாம் அடைக்க வேண்டும். அந்த அடைப்பை இணையம் வழியாகவே அனுப்பும் 'விண்டோஸ் அப்டேட்' ஏற்பாடு 1998-ல் விண்டோஸ் 98-உடன் வந்தது. ஏற்பாடு நல்லதுதான். அதை இறக்கிக்கொள்ளும் இணைப்புதான் நம்மிடம் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக், முழுத் தொகுப்பாக எடுத்தால் சுமார் 266 எம்.பி. அன்றைய டயல்-அப் இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட். ஒரு நொடிகூடத் தடைபடாமல் ஓடினாலும் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. அத்தனை நேரமும் வீட்டுத் தொலைபேசி வேலை செய்யாது, பில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு வந்த சி.டி.க்கு அப்போது அவ்வளவு மதிப்பு.

2003 ஜூலை 16-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு முக்கியமான ஓட்டைக்கு அடைப்பு வெளியிட்டது. பலர் கண்டுகொள்ளவில்லை. 26 நாள் கழித்து, ஆகஸ்ட் 11-ல், 'பிளாஸ்டர்' என்ற புழு அதே ஓட்டை வழியாக உலகெங்கும் பரவியது. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. கம்ப்யூட்டர் இணையத்தில் இருந்தால் போதும். திரையில் 60 நொடி எண்ணிவிட்டு அதுவே அணைந்து மறுபடி எழும்.

அந்த அக்டோபரிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அடைப்புகளை மொத்தமாக வெளியிடும் வழக்கம் வந்தது. நமக்கு அது செவ்வாய் இரவு. இன்றுவரை அந்தக் கிழமை மாறவில்லை. 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாவது சர்வீஸ் பேக், ஃபயர்வால் என்னும் காவல் சுவரைத் தானாகவே இயங்க வைத்தது.

அந்தக் காலத்தில் இன்னொரு விபரீதமும் இருந்தது. பழைய சி.டி.யில் எக்ஸ்பி போட்டுவிட்டு, அப்டேட் எடுப்பதற்காக இணையத்தில் இணைத்தால், அப்டேட் முடிவதற்குள் வைரஸ் வந்துவிடும். பாதுகாப்பில்லாத விண்டோஸ் கம்ப்யூட்டர் இணையத்தில் சராசரியாக 20 நிமிடம்தான் தாக்குப்பிடிக்கும் என்று அமெரிக்காவின் சான்ஸ் நிறுவனம் 2004-ல் கணக்கிட்டது. மருந்துக் கடைக்குப் போகிற வழியிலேயே நோய் தொற்றிக்கொண்ட கதை.

2014 ஏப்ரல் 8. எக்ஸ்பிக்குப் பணி ஓய்வு. இனி அடைப்பு வராது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவித்திருந்தார்கள். ஆனாலும் உலகெங்கும் கோடிக்கணக்கான எக்ஸ்பி கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மக்கள் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. எக்ஸ்பியிலிருந்து விண்டோஸ் 7-க்கு நேராக ஏற வழி கிடையாது. எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பழைய பிரிண்டருக்குப் புதிய டிரைவர் இருக்காது. மருத்துவமனை ஸ்கேன் இயந்திரத்தோடு வந்த கம்ப்யூட்டரை மட்டும் தனியே மாற்ற முடியாது. பிரிட்டன் அரசு இன்னும் ஓராண்டு அடைப்பு கிடைப்பதற்காக மட்டும் சுமார் 55 லட்சம் பவுண்டு கட்டியது.

நம் தமிழக அரசு வேறு வழியை யோசித்தது. எக்ஸ்பிக்கு மாற்றாக 'பாஸ் லினக்ஸ்' போடும்படி 2014-ல் துறைகளுக்கு அறிவுறுத்தியது. சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவான இந்திய இயங்குதளம் அது. அரசு மடிக்கணினி வாங்கிய என் மாணவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கலாம்.

பிறகு 2017 மே 12, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் திரைகள் சிவப்பாக மாறின. கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன, திறக்க வேண்டுமானால் 300 டாலர் பிட்காயினில் கட்டு என்றது 'வான்னாக்ரை'. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. கண்டுபிடித்து ரகசியமாக வைத்திருந்த ஓர் ஓட்டை, திருடப்பட்டு ஏப்ரலில் வெளியே கசிந்தது. வான்னாக்ரை அதன் வழியாகத்தான் பரவியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன. ஆந்திரக் காவல்துறையின் சில கம்ப்யூட்டர்களும் அதில் அடக்கம். இங்கிலாந்தில் மட்டும் 19,000-க்கும் மேற்பட்ட சிகிச்சைகளும் மருத்துவச் சந்திப்புகளும் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். எத்தனை நாள் காத்திருந்து கிடைத்த தேதியோ, யாருடைய அப்பாவோ, யாருடைய பிள்ளையோ!

மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது ஆங்கிலேய இளைஞர் அந்த மென்பொருளை ஆராய்ந்தபோது, அது ஏதோ ஓர் இணைய முகவரியைத் தேடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். சுமார் 10 டாலர் கொடுத்து அந்த முகவரியைப் பதிவு செய்தார். முகவரி கிடைத்ததும் அது பரவுவதை நிறுத்திக்கொண்டது. மூன்றாண்டுக்கு முன் கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு அடைப்பு வெளியிட்டது.

இனிமேல்தான் கவனிக்க வேண்டிய இடம். "பழைய எக்ஸ்பியால் வந்த வினை" என்று அன்று எல்லோரும் சொன்னார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்ததில், பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 என்று தெரிந்தது. எக்ஸ்பி பல இடங்களில் தாக்குதலைத் தாங்காமல் நின்றே போனதால் நோய் அதன் வழியாக அதிகம் பரவவில்லை. விண்டோஸ் 7-க்கு அப்போது ஆதரவு இருந்தது. அந்த ஓட்டைக்கான அடைப்பும் மார்ச் 14-லேயே, இரண்டு மாதத்துக்கு முன்பே, விலையில்லாமல் வந்திருந்தது. போடத்தான் ஆளில்லை.

ஆக, பாடம் ஒன்றல்ல, இரண்டு. மருந்தே வராத இயந்திரத்தை இணையத்தில் வைத்திருப்பது ஆபத்து. வந்த மருந்தைப் பிரிக்காமல் வைத்திருப்பதும் அதே ஆபத்துதான்.

நம் ரிசர்வ் வங்கியும் விழித்துக்கொண்டது. ஏ.டி.எம்.களில் ஓடும் எக்ஸ்பி போன்ற ஆதரவு முடிந்த இயங்குதளங்களைப் படிப்படியாக மாற்றி 2019 ஜூனுக்குள் முடிக்க வேண்டும் என்று 2018 ஜூனில் வங்கிகளுக்குக் கெடு வைத்தது. நம் பென்ஷன் பணம் எடுத்த இயந்திரங்களில் பல அதுவரை எக்ஸ்பியில்தான் ஓடின.

அப்டேட்டைக் கண்டு பயப்படுகிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10-ஐ 2015 ஜூலை 29-லிருந்து பழைய பதிப்பு வைத்திருந்தவர்களுக்கு இணையம் வழியே விலையில்லாமல் கொடுத்தார்கள். கேட்காமலே அது தன் கம்ப்யூட்டரில் ஏற முயன்று வேலையைக் கெடுத்துவிட்டது என்று கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி வழக்குப் போட்டு 10,000 டாலர் இழப்பீடு பெற்றார். அவர் கோபத்திலும் நியாயம் உண்டு.

ஆனால் ரொம்ப நாள் தள்ளிப்போட்டால் ஏணியையே எடுத்துவிடுவார்கள். எக்ஸ்பியோடு வந்த பிரௌசருக்கு இன்றைய இணையதளங்களின் பாதுகாப்பு மொழி தெரியாது. கதவைத் தட்டினாலும் திறக்காது. மிகப் பழைய விண்டோஸ்கள் பேசிக்கொண்டிருந்த அப்டேட் வாசல்களை 2020-ல் மைக்ரோசாஃப்டே மூடிவிட்டது. இணையம் வழியாகப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற வசதி, இணையத்தோடு பேசத் தெரிந்திருக்கும் வரைதான்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் போட்டோ, சான்றிதழ், கணக்கு எல்லாவற்றையும் ஒரு வெளி டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ படியெடுங்கள். இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள். பிறகு செட்டிங்ஸில் உங்கள் இயந்திரம் விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்று பாருங்கள். தகுதி இருந்தால் விலையில்லாமல் ஏறலாம். இல்லையென்றால் 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புக்குப் பதிவு செய்யும் வழி இருக்கிறது. அதற்குப் பிறகும் அந்தப் பழைய லேப்டாப்பே போதும் என்றால் லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். எதுவும் வேண்டாம் என்பவர்கள், அதில் வங்கி வேலை மட்டும் பார்க்காதீர்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் வேலை பார்ப்பதில் தவறில்லை, நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் மாதா மாதம் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டுதான்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது, அப்பா அம்மாவின் கம்ப்யூட்டரை ஒரு அரைமணி நேரம் பார்த்துக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். எனக்குத் தெரியாததை என்னைவிட நன்றாகத் தெரிந்த என் மாணவர்கள் சொல்வார்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்