விக்கிரமனும் வேதாளமும்: ஒரு நெடுந்தொடரின் வரலாறு

நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு கதைத் தொடருக்குள் புதிதாக நுழைபவன் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "இதை எங்கிருந்து தொடங்குவது?" என்பதே அது. அக்கேள்வியை எழுபது வயதைக் கடந்தபின் நான் கேட்க நேர்ந்தது. கேட்டதும் பத்து வயதுப் பேரனிடம். அவன் தந்த விடையே இன்றைய என் பேச்சுக்கு வித்தாயிற்று.

என் மகன் பிரான்சு நாட்டில் குடியிருக்கிறான். புதுச்சேரியில் இது புதுமையன்று. 1954 நவம்பர் 1ஆம் நாள் இவ்வூரின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் உடன்படிக்கை சட்டப்படி நிறைவேறியது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்க்கு அவ்வுடன்படிக்கை வழிவிட்டது. ஆகவே ஒரு கிளை இங்கும் மற்றொரு கிளை கடலுக்கு அப்பாலும் படர்ந்த குடும்பங்கள் நம் ஊரில் பல உண்டு. விடுமுறைக்கு வரும் அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழுந்தால் விளங்கும். நாவில் வரத்தான் நேரமாகும்.

என் பேரன் வந்த நாள்முதல் கையகலக் கருவி ஒன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அதன் திரையிலே மலையும் காடும் பாழ்பட்ட கோட்டையும் தோன்றின. வாளேந்திய இளைஞன் ஒருவன் அவற்றினூடே தனியே நடந்துகொண்டிருந்தான். "இது என்ன கதையப்பா?" என்றேன். ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ஆக்கிய 'செல்டா' என்னும் வீடியோ விளையாட்டுத் தொடர் அது என்றான். அதன் முதற்பகுதி 1986ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்தது. அதை உருவாக்கியவருள் முதன்மையானவர் ஷிகேரு மியாமோட்டோ. சிறுவயதில் தம் ஊரை அடுத்த குன்றுகளில் திரிந்து, ஒரு குகையைக் கண்டு, விளக்கை ஏந்தி உள்ளே புகுந்த வியப்பே அவ்விளையாட்டுக்கு ஊற்று என்று அவர் கூறியிருக்கிறார். அன்றுமுதல் நாற்பது ஆண்டுகளாகப் பகுதிமேல் பகுதியாக அத்தொடர் வளர்ந்து வருகின்றது.

"முன் வந்தவை ஒன்றும் அறியாத நான் இதற்குள் எங்கே நுழைவது?" என்று கேட்டேன்.

"எங்கே வேண்டுமானாலும் நுழையலாம், தாத்தா. மூன்று தெரிந்தால் போதும். நடப்பவன் யார், அவன் முடிக்கவேண்டிய வேலை என்ன, அதற்குத் தடை எது. மற்றவை போகப்போகத் தெரியும்" என்றான் அவன். ஏறக்குறைய எல்லாப் பகுதிகளிலும் லிங்க் என்னும் பெயருடைய வீரன் வருவான். செல்டா என்னும் இளவரசி வருவாள். ஆயினும் பெரும்பாலும் ஒவ்வொரு பகுதியும் தனிக்கதை. "அந்த வீரன் ஒரு வார்த்தையும் பேசமாட்டான், தாத்தா" என்று முடித்தான்.

அச்சொல் என் நெஞ்சைத் தொட்டது. பேசாமல் நடக்கவேண்டிய வேறொரு வீரனை நான் அறிவேன். என் பாட்டி திண்ணையில் அமர்ந்து எனக்குச் சொன்ன கதையின் தலைவன் அவன். அக்கதையை நான் என் மகனுக்குச் சொல்லவில்லை. அலுவல் என்றும் அலைச்சல் என்றும் காரணம் கூறலாம். ஆயினும் சொல்லவில்லை என்பதே உண்மை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த ஒன்று என் கையோடு நின்றுபோயிற்று. இப்போதாவது அதைச் சொல்லிப் பார்ப்போம் என்று துணிந்தேன். பேரன் வகுத்த மூன்று கேள்விகளையே வாசற்படிகளாகக் கொண்டேன்.

நடப்பவன் யார்? விக்கிரமாதித்தன். வரலாற்றில் அவனைத் தேடினால் ஒருவன் அல்லன், பலர் தோன்றுவர். கி.மு. 57இல் தொடங்கும் விக்கிரம ஆண்டு அவன் பெயரால் வழங்குகின்றது. கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியிலும் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்ட குப்தப் பேரரசன் இரண்டாம் சந்திரகுப்தன் 'விக்கிரமாதித்தன்' என்ற பட்டம் புனைந்தான். பின்னும் அரசர் பலர் அதனைச் சூடினர். தமிழ்நாட்டிலோ அவன் உஜ்ஜயினியின் மன்னன்; மதிமந்திரி பட்டியோடு காடாறு மாதம், நாடாறு மாதம் வாழ்ந்தவன்; முப்பத்திரண்டு பதுமைகள் காக்கும் சிங்காதனத்துக்கு உரியவன். பெரிய எழுத்தில் அச்சிட்ட 'விக்கிரமாதித்தன் கதை', ஓரளவே படிக்கத் தெரிந்தவரும் எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி ஊர்தோறும் விலைபோயிற்று.

அவன் முடிக்கவேண்டிய வேலை என்ன? வடமொழிக் கதையின்படி, ஒரு துறவி நாள்தோறும் அரசவைக்கு வந்து மன்னனுக்கு ஒரு கனியைக் காணிக்கையாக அளித்தான். ஒருநாள் ஒரு குரங்கு அக்கனியைக் கடிக்கவே, உள்ளிருந்து விலைமதிப்பற்ற மணி ஒன்று உருண்டது. முன்பு தந்த கனிகளிலும் மணிகள் இருந்தமை தெரிந்தது. வியந்த மன்னன் துறவியின் வேண்டுகோளைக் கேட்டான். நள்ளிரவில் சுடுகாட்டுக்கு வந்து, மரத்தில் தொங்கும் பிணம் ஒன்றை இறக்கித் தோளில் சுமந்து வந்து தரவேண்டும் என்றான் துறவி. மன்னன் இசைந்தான்.

தடை எது? அப்பிணத்துள் ஒரு வேதாளம் குடிபுகுந்திருந்தது. வழிநடை தெரியாதிருக்க அது ஒரு கதை சொல்லும்; கதையின் முடிவில் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் கூறாவிட்டால் மன்னனின் தலை வெடித்துச் சிதறும். வாய் திறந்து கூறினாலோ மௌனம் கலைந்ததென்று வேதாளம் பிணத்தோடு மரத்துக்கே திரும்பிவிடும். வடமொழி நூல் அம்மரத்தைச் 'சிம்சபா' என்று குறிக்கின்றது. தமிழன் அதனை முருங்கை மரமாக்கிக் கொண்டான். 'வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிற்று' என்னும் வழக்குத் தமிழ்நாடெங்கும் பரவியது. எங்கோ சுடுகாட்டில் நின்ற மரம் நம் வீட்டுக் கொல்லைக்கே வந்து சேர்ந்தது!

இம்மூன்றும் தெரிந்துவிட்டால் எந்தக் கதையையும் முதற்கதையாகக் கேட்கலாம். நான் பேரனுக்குச் சொன்னது தலை மாறிய கதை. ஒரு பெண்ணின் கணவனும் தமையனும் தேவியின் கோயிலில் தம் தலைகளைத் தாமே அரிந்து மாண்டனர். தானும் மாளத் துணிந்த அப்பெண்ணுக்குத் தேவி இரங்கி, தலைகளை உடல்களோடு பொருத்தினால் இருவரும் எழுவர் என்றாள். பதற்றத்தில் அவள் ஒருவன் தலையை மற்றவன் உடலில் வைத்துவிட்டாள். இனி அவளுக்குக் கணவன் யார்?

கணவனின் தலையை உடையவனே என்பது விக்கிரமனின் தீர்ப்பு. உறுப்புகளுள் தலையே முதன்மை என்பது அவன் வாதம். என் பேரன் அதை ஒப்பவில்லை. "அந்தப் பெண்ணை ஒருவரும் கேட்கவில்லையே, தாத்தா?" என்றான். எனக்கு விடை வரவில்லை. பாட்டியிடம் இக்கதையைப் பலமுறை கேட்டிருந்தும் எனக்கு அவ்வினா எழுந்ததில்லை. இக்கதை உலகப் பேரறிஞரையும் விட்டுவைக்கவில்லை. ஜெர்மானிய நாவலாசிரியர் தாமஸ் மான் 1940இல் இதனை ஒரு குறுநாவலாக்கினார். கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் 'ஹயவதன' என்னும் நாடகத்தை இதன்மீது எழுப்பினார்.

இனி இக்கதைகள் வந்த வழியைச் சிறிது நோக்குவோம். குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றியதாகக் கூறப்படும் 'பிருகத்கதை' இன்று நமக்குக் கிடைக்கவில்லை. நம் கொங்குவேளிரின் 'பெருங்கதை' அம்மரபைச் சேர்ந்ததே. அதே மரபைச் சேர்ந்த நூல்களைக் கி.பி. பதினோராம் நூற்றாண்டில் காச்மீரத்தில் இருவர் இயற்றினர். ஒருவர் க்ஷேமேந்திரர், மற்றவர் சோமதேவர். சோமதேவர் சூரியவதி என்னும் அரசியின் மனமகிழ்ச்சிக்காக எழுதிய 'கதாசரித்சாகரம்', அதாவது கதையாறுகள் கலக்கும் கடல், வேதாளக் கதைகளைத் தன்னுள் கொண்டுள்ளது. அதில் மன்னனின் பெயர் திரிவிக்கிரமசேனன். அவன் ஊர் கோதாவரிக் கரையிலுள்ள பிரதிட்டானம். பிற்காலத்தாரே அவனை விக்கிரமாதித்தனாகக் கொண்டனர்.

வேதாளம் அங்கும் நிற்கவில்லை. திபெத்துக்கும் மங்கோலியாவுக்கும் சென்றது. தமிழில் வழங்கிய 'வேதாளக் கதை'யைப் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் மொழிபெயர்க்க, அது 1831இல் இலண்டனில் அச்சாயிற்று. ரிச்சர்டு பர்ட்டன் 1870இல் தம் போக்கில் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். பிரெஞ்சு அறிஞர் லூயி ரெனு வடமொழியிலிருந்து பெயர்த்த வேதாளக் கதைகள் 1963இல் பாரிசில் வெளிவந்தன. என் பேரன் தன் பள்ளியில் பயிலும் மொழியிலேயே வேதாளம் அவனுக்கு முன்பே போய்க் காத்திருந்தது.

நம் காலத்தில் இத்தொடருக்குப் புத்துயிர் தந்தது 'அம்புலிமாமா'. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய சிறுவர் இதழ் அது. பின்னர் இந்திய மொழிகள் பலவற்றிலும் வந்தது. பழைய வேதாளக் கதைகள் இருபத்தைந்துக்குள் அடங்கும். இதழோ திங்கள்தோறும் வரவேண்டும். ஆகவே பழங்கதைகள் தீர்ந்தபின் எழுத்தாளர்கள் அதே மரத்தையும் அதே மன்னனையும் வைத்துப் புதுக்கதைகளைப் புனைந்தனர். ஒரு தோளில் பிணமும் ஒரு கையில் உருவிய வாளுமாக மன்னன் நடக்கும் ஓவியத்தைத் தீட்டியவர் 'சங்கர்' எனக் கையொப்பமிட்ட கே.சி. சிவசங்கரன். 1952இல் அவ்விதழில் சேர்ந்த அவர் 2020இல் தொண்ணூற்றாறு வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருது அவர் பெயருக்கு வழங்கப்பெற்றது.

அறுபதுகளில் அவ்விதழுக்காகக் காத்திருந்த சிறுவருள் நானும் ஒருவன். கையில் கிடைத்த இதழிலிருந்தே படித்தேன். முந்திய இதழ் இல்லையே என்று எவரும் கலங்கியதில்லை. மனந்தளராத மன்னன் மரத்துக்குத் திரும்புவதில் கதை தொடங்கும். வேதாளம் தப்புவதில் முடியும். இரண்டுக்கும் நடுவே ஒரு முழு உலகம் இருக்கும். 1998இல் தடைப்பட்டு மறு ஆண்டு மீண்டும் எழுந்த அவ்விதழ் 2013ஐ ஒட்டி நின்றுவிட்டது. அதன் பக்கங்களில் விக்கிரமனின் நடை முடியவே இல்லை.

ஆனால் பழைய நூலில் அந்நடைக்கு முடிவு உண்டு. பேரன் புறப்படுவதற்கு முந்திய இரவு அதனைச் சொன்னேன். இருபத்துநான்காம் கதையில் ஒரு தந்தை இளம்பெண் ஒருத்தியையும், அவன் மகன் அப்பெண்ணின் தாயையும் மணந்துகொள்கின்றனர். அவ்விரு மணங்களில் பிறக்கும் பிள்ளைகள் ஒருவர்க்கொருவர் என்ன உறவு? மன்னன் எண்ணினான், எண்ணியும் விடை காணவில்லை. அறியாததை அறிந்ததுபோல் அவன் கூறவில்லை. வாய் திறவாது நடந்தான். வேதாளம் மகிழ்ந்தது. துறவி அவனைப் பலியிடவே அழைத்தான் என்னும் உண்மையைச் சொல்லி, தப்பும் வழியையும் காட்டியது. வணங்கச் சொன்னால், "எவ்வாறு வணங்குவது என்று காட்டுக" எனக் கேட்கும்படி அறிவுறுத்தியது. காட்டக் குனிந்த துறவியே வாளுக்கு இரையானான்.

மாணவ நண்பர்களே, இருபத்துமூன்று முறை விடை தெரிந்தவனாக இருந்தபோது மன்னன் புறப்பட்ட இடத்துக்கே திரும்பவேண்டியதாயிற்று. விடை தெரியாதவனாக நேர்மையோடு நின்ற ஒருமுறையே அவன் சென்றடைந்தான். அறிவு வேண்டா என்பது இதன் கருத்தன்று; அறியாமையை ஒளிக்க வேண்டா என்பதே கருத்து. பழம்பெரும் தொடர் எதன் வாசலில் நிற்கும் புதியவனுக்கும் இது பொருந்தும். நுழைவோரிடம் அது கேட்பது முன்னறிவை அன்று, நடக்கும் மனத்தையே. காப்பியமாயினும் வரலாறாயினும், ஏன், சிறுவர் கையிலுள்ள விளையாட்டாயினும், "நான் முதலிலிருந்து அறியேனே" என்று கூசி வெளியே நின்றுவிடாதீர்கள். ஒரு கதையை எடுங்கள். அதுவே அடுத்ததற்கு அழைத்துச் செல்லும்.

பேரன் ஊர் சென்று சேர்ந்தபின் ஒருநாள் தொலைபேசியில் என் மகன் பேசினான். "அப்பா, இவன் தினமும் இரவில் தங்கைக்கு ஏதோ வேதாளம் கதை சொல்கிறான், நீங்கள் எனக்கு இதைச் சொன்னதில்லையே" என்றான். அவன் குரலில் குறை இருந்ததா, ஆவல் இருந்ததா என்பதை நான் ஆராயவில்லை. "எங்கிருந்து தொடங்கட்டும்?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்கிருந்தாவது" என்றான்.

நான் முருங்கை மரத்திலிருந்து தொடங்கினேன்.