ஈரம் படாத பதினெட்டு ஆண்டு

சுதந்திர தின விடுமுறைக்குக் குடும்பத்தோடு குற்றாலம் வருகிறவர்கள் வருவது குளிக்கத்தான். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால்தான் சித்திர சபை நினைவுக்கு வரும். நடராஜர் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்றான இங்கே அவர் சுவரோவியம். யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. பக்கத்து ஊர்க் கூத்தனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தென்காசியிலிருந்து நெல்லை போகும் ரயில் பாதையில், அப்பளத்துக்குப் பேர்போன கல்லிடைக்குறிச்சி. அங்கே குலசேகரமுடையார் கோயில் நடராஜர் சுமார் இரண்டரை அடி உயரம். நடராஜருக்கு ஆண்டுக்கு ஆறே அபிஷேகம். மார்கழித் திருவாதிரையும் ஆனி உத்திரமும் அதில் பெரியவை. 1982இல் சிவகாமியோடும் மாணிக்கவாசகரோடும் அவரும் களவு போனார். இரண்டே ஆண்டில், துப்புக் கிடைக்கவில்லை என்று வழக்கை மூடிவிட்டார்கள்.

2001இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் அவரை விலை கொடுத்து வாங்கியது. தேசிய விடுமுறையென்றால் நம் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பூட்டு. அடிலெய்டு கலைக்கூடமோ கிறிஸ்துமஸ் ஒருநாள் தவிர எப்போதும் திறந்திருக்கும். காட்சிக்கூடங்களுக்குக் கட்டணமும் கிடையாது. ஜனவரி 26 நமக்குக் குடியரசு தினம், அவர்களுக்கும் தேசிய தினம். இங்கே கொடியேற்றி மிட்டாய் கொடுத்த நாளில், அங்கே பிள்ளைகளோடு வந்த ஏதோ ஒரு குடும்பம் அவர் முன்னால் நின்றிருக்கும். அபயக் கை, தூக்கிய திருவடி, காலடியில் முயலகன் என்று நிதானமாகப் பார்த்திருக்கும். நமக்குக் கோயிலில் அலங்காரத்துக்கு நடுவே, தீபாராதனை வெளிச்சத்தில் ஒரு நொடி முகம்தானே கிடைக்கும்? அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஆனால் வெண்கலத்துக்கு ஈரம் பகை என்பது அருங்காட்சியகத்துச் சாத்திரம். ஆனி உத்திரமும் திருவாதிரையும் வந்து வந்து போயின. அவர்மேல் ஒரு சொட்டுப் பால் விழவில்லை.

காட்டிக்கொடுத்தது பழைய புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் களவுக்கு முன்பே கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த படங்களில் இவரும் இருந்தார். ஒப்பிட்டுப் பார்த்தபின் கலைக்கூடம் திருப்பித் தரச் சம்மதித்தது. 2019 செப்டம்பரில் டெல்லி வந்து, அங்கிருந்து ரயிலில் சென்னை சென்ட்ரலில் இறங்கினார். கும்பகோணம் நீதிமன்றத்தில் ஆஜராகிவிட்டுத்தான் (தெய்வமானாலும் வழக்குச் சொத்தல்லவா!) ஊருக்குள் நுழைய முடிந்தது.

முப்பத்தேழு ஆண்டுகள். களவுக்குப் பின் பிறந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து தாங்களும் முதன்முதலாக அவரைப் பார்த்தார்கள்.