கவிராயர் வீடுகளும் நூலக அலமாரிகளும்

பல்கலைக்கழக நூலகங்கள் தோன்றுவதற்கு முன்னர், தாமிரபரணிக் கரையூர்களில் நூல்களைப் பெரிதும் காத்தவை கவிராயர் வீடுகளே. தலைமுறைதோறும் தமிழ் கற்றும் கற்பித்தும் செய்யுள் இயற்றியும் வந்த இக்குடும்பங்கள், பதப்படுத்திய பனையோலையில் எழுத்தாணியால் கீறி எழுதிய ஏடுகளைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து, சுவடிகளாகப் பேணின. ஈரமும் பூச்சியும் ஓலையை அரிக்குமாதலால், சிதையத் தொடங்கிய சுவடியைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதிக்கொள்ளும் படியெடுத்தலே அக்காலத்தின் பாதுகாப்பு முறையாக இருந்தது. ஓலை அழிந்தாலும் நூல் வாழ்ந்தது.

19ஆம் நூற்றாண்டில் அச்சு பரவி, படியெடுப்போர் அருகியபின், எஞ்சிய சுவடிகள் பல தம் நூலுக்குக் கடைசிப் படிகளாயின. அக்காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் ஏடு தேடிய உ.வே.சாமிநாதையருக்கு, 1889இல் அவர் பதிப்பித்த பத்துப்பாட்டுக்கு உதவிய சுவடி ஆழ்வார்திருநகரியில் தேவர்பிரான் கவிராயரிடமிருந்து கிடைத்தது. ஆனால் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலோ, பழைய ஏடுகள் சாத்திர விதியெனக் கருதப்பட்டு ஓமத்தீயில் இடப்பட்டிருந்ததை அவர் அறிந்து வருந்தினார்.

பிழைத்தவற்றுள்ளும் பல இப்பகுதியை விட்டு நீங்கின. திருநெல்வேலியில் வழக்கறிஞராக இருந்து, 1926 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகப் பணியாற்றிய ச.வையாபுரிப்பிள்ளை திரட்டிய நூல்களும் சுவடிகளும் அவர் மறைவுக்குப் பின் கொல்கத்தா தேசிய நூலகத்தைச் சேர்ந்தன. அச்சு நூல்களின் கதையும் இத்தகையதே: தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் வாழ்ந்து தொண்டாற்றிய அன்றிக் அடிகளார் தமிழாக்கி, 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்திலும், 1586இல் வெளிவந்த அவருடைய 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்திலும் காக்கப்படுகின்றன.

தொலைவிலுள்ள அந்நூலகங்கள் இவற்றை அழியாமல் காத்தமைக்குத் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது. எனினும், காத்தல் என்பது கவிராயர்களுக்கு ஒரே பொருளைப் பூட்டிவைப்பதாக இல்லை. படிகளைப் பெருக்கிப் பயில்வோர் கையில் சேர்ப்பதாகவே இருந்தது. 1990இல் நிறுவப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் போன்ற இப்பகுதிக் கல்வி நிலையங்கள், வெளியூர்களில் உள்ள இந்நூல்களின் மின்படிகளைத் திரட்டி, முறையான அட்டவணையுடன் மாணவர்க்குத் திறந்துவைப்பது, அப்பழைய மரபை இக்காலக் கருவிகளால் தொடர்வதாகும்.