முதலில் சளி, பிறகு படம்

சித்தூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்கு, இரண்டு வாரமாக இருமலோடு இருக்கும் ஒருவர் வருகிறார். அவரை முதலில் எங்கே அனுப்புவது, சளிப் பரிசோதனைக்கா, எக்ஸ்-ரேக்கா? அண்மைக்காலம் வரை மருத்துவருக்கு இதில் ஐயமே எழுந்ததில்லை. முதலில் சளி; அதில் கிருமி தென்படாவிட்டால்தான் படம். இயற்கை நியதி போலத் தோன்றும் இவ்வரிசைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் தொடக்க அத்தியாயங்களில் ஒன்று பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் எழுதப்பட்டது.

மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915 முதல் காசநோய்ச் சானடோரியம் ஒன்று இயங்கியது. டென்மார்க்கிலிருந்து வந்த கிறிஸ்டியன் ஃப்ரிமோட்-மொல்லர் அதன் தலைமை மருத்துவர். தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகியவையே அக்காலத்து மருந்து. படுக்கை கிடைத்தவர் பேறு பெற்றவர். கிடைக்காதவர் கணக்கிலேயே இல்லை. அந்தக் கணக்கில் இல்லாதவரைத் தேடிப் புறப்பட்டதுதான், மகன் யோகான்னஸ் ஃப்ரிமோட்-மொல்லர் 1950 முதல் 1955 வரை நடத்திய கணக்கெடுப்பு. மதனப்பள்ளி நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஏறத்தாழ 60,000 மக்களை அது தழுவியது. நோயாளி வரும்வரை காத்திராமல், நலமாக இருப்பதாக நம்பியவர்களின் நெஞ்சையும் சிறுபட எக்ஸ்-ரே கொண்டு பார்த்தனர். (கணக்கெடுப்பு தொடங்கியபோது மதனப்பள்ளி சென்னை மாநிலத்தில் இருந்தது, முடிந்தபோது ஆந்திராவில். மாநில எல்லை பற்றிய பூசல்களை மட்டுமே பதிந்துவைத்த நம் வரலாற்று நூல்கள் இதைக் கண்டுகொள்ளவில்லை.)

தொடர்ந்து 1955-58இல் நாடு தழுவிய மாதிரிக் கணக்கெடுப்பு நடந்தது. அதன் முடிவுகள் இரண்டு. காசநோய் நகரத்து நோய் என்ற நம்பிக்கை பொய்த்தது. கிராமங்களும் ஏறக்குறைய அதே அளவில் பீடிக்கப்பட்டிருந்தன. இரண்டாவது, என் பார்வையில், இன்னும் முக்கியமானது. 1,000 பேரில் 13 முதல் 25 பேர் வரை படத்தில் நோய்க்குரிய நிழல் கொண்டிருந்தனர். சளியில் கிருமி காணப்பட்டோரோ 2 முதல் 8 பேர் மட்டுமே. எஞ்சியோர் யார்? ஆறிப்போன பழைய புண்ணும் வேறு நுரையீரல் நோயும் படத்தில் நிழலாகவே விழும். ஒரே படத்தை இரு மருத்துவர் இருவிதமாக வாசிப்பர்; ஒரே மருத்துவர் இரண்டாம் முறை பார்க்கையில் தம் முடிவையே மாற்றிக்கொள்வதும் உண்டு. நிழலை மட்டும் நம்பி ஓராண்டுக்கு மேல் மருந்து கொடுப்பது எளிய காரியமன்று.

பணமும் குறுக்கே நின்றது. 1961இல் நாட்டின் மக்கள்தொகை 43 கோடியைத் தாண்டியிருந்தது. மின்சாரமே எட்டாத ஊர்களில் எக்ஸ்-ரே கருவிக்கு வழியேது? 1959இல் பெங்களூரில் அமைந்த தேசியக் காசநோய் நிறுவனம் வேறு பாதையைத் தேடியது. பானர்ஜி, ஆண்டர்சன் ஆகிய இருவரும் துமக்கூரு மாவட்டத்தில் செய்த ஆய்வில், காசநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் தாமாகவே மருத்துவ நிலையங்களை நாடியிருந்தது தெரியவந்தது. அப்படியானால் வீடுவீடாகப் படமெடுப்பானேன்? வந்தவரின் சளியை நுண்ணோக்கியில் பார்த்தால் போதாதா? இத்தர்க்கத்தின் மீதுதான் 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் எழுந்தது. 1974இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும், வரைமுறையின்றி மக்கள்திரளைப் படமெடுக்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு கூறியது.

இவ்விதியின் நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்று சென்னை ஆய்வு 1959இல் நிறுவியிருந்தது. அதோடு நுண்ணோக்கியும் சேர்ந்தபோது, சானடோரியத்தின் வாயிலை மிதிக்க இயலாத ஏழைக்கும் மருந்து கிட்டியது. திருப்பதியில் 1960இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியில் பயின்ற தலைமுறைகளுக்கும் இந்த வரிசையே பாடமாயிற்று.

ஆனால் வறுமை வகுத்த விதி, காலப்போக்கில் அறிவியல் உண்மை போல் ஓதப்பட்டது. சளி துப்பத் தெரியாத குழந்தை, நோயிருந்தும் சளியில் கிருமி காட்டாத எச்.ஐ.வி. நோயாளி, இருமலே இல்லாத முதியவர் ஆகியோர் வரிசையின் கடைசியில் நின்றனர். பலர் வரிசைக்கே வரவில்லை. எத்தனை பேர் என்பது 2019-21 தேசியக் கணக்கெடுப்பில்தான் வெளிப்பட்டது. நெஞ்சக எக்ஸ்-ரே சேர்க்கப்படாதிருந்தால், கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர் தப்பியிருப்பர். அறிகுறி கொண்டிருந்தோரிலும் ஏறத்தாழ 64 விழுக்காட்டினர் மருத்துவரை நாடவில்லை. துமக்கூருவில் விசாரிக்கப்பட்டவர்கள் நோயாளிகள், இங்கே விசாரிக்கப்பட்டவர்கள் அறிகுறியுடையோர். எனவே இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுதல் முறையன்று. எனினும் ‘நோயாளி தானே வருவார்’ என்ற அறுபதாண்டு அனுமானம் ஆட்டம் கண்டது.

2024 டிசம்பர் 7 அன்று தொடங்கிய நூறு நாள் இயக்கத்தில் கையடக்க எக்ஸ்-ரே கருவிகள் ஊர்களுக்குள் சென்றன. சர்க்கரை நோயாளிகள், முதியோர், காசநோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்வோர் ஆகியோர் இருமல் இல்லாவிடினும் படத்துக்கு அழைக்கப்பட்டனர். மதனப்பள்ளி 2022இல் சித்தூரிலிருந்து பிரிந்து அன்னமய்யா மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. படத்தில் நிழல் தெரிந்தவரிடம்தான் இப்போது சளி கேட்கிறார்கள். 1950இல் அங்கே பின்பற்றிய வரிசையும் அதுவே.