எருக்குழியிலிருந்து மூன்று வாளிக்கு: நம் வீட்டுக் குப்பையின் வரலாறு



சில மாதங்களுக்கு முன் என் வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தது. சில்லுகளைக் கூட்டி, காய்கறித் தோலோடு ஒரே கவரில் கட்டி வாசலில் வைத்துவிட்டேன். மறுநாள் குப்பை எடுக்க வந்த அம்மா கவரைப் பிரித்தபோது அவர் கை கிழிந்துவிட்டது. "கண்ணாடின்னா பேப்பர்ல சுத்தித் தனியா வைங்க சார்" என்று மட்டும் சொன்னார். வங்கியில் ஒரு ரூபாய் இடித்தாலும் டேலி ஆகும்வரை நாற்காலியை விட்டு எழாதவன் நான். என் வீட்டுக் குப்பைக்கு மட்டும் கணக்கே பார்த்ததில்லை. அந்த வெட்கத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு எருக்குழி நினைவிருக்கும். சாணம், வைக்கோல் கூளம், எச்சில் இலை எல்லாம் அதில் விழுந்து மக்கி, கோடையில் வண்டியேறி வயலுக்குப் போகும். கழுநீர் மாட்டுக்கு. அடுப்புச் சாம்பல் பாத்திரம் தேய்க்க. பழைய வேட்டி கரித்துணியாகும். செய்தித்தாள் மளிகைக் கடையில் பொட்டலமாகும். ஓட்டை வாளிக்குப் பேரீச்சம்பழம் கிடைக்கும். மீதி காயலான் கடைக்குப் போகும். மறுசுழற்சி என்ற சொல்லை அன்று நாம் கேட்டதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு விலையோ ஒரு வேலையோ இருந்தது, அதனால் அது தெருவுக்கு வரவில்லை.

அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. ஊர் அழுக்கை அள்ளும் வேலையைச் சாதியைச் சொல்லிச் சிலர் தலையில் கட்டிய காலமும் அதுதான்.

கணக்கு மாறியது பிளாஸ்டிக் வந்த பிறகு. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனைக்கு வழிகாட்டியவர் நம் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணன். அதனால் ஏழை வீட்டுக்கும் ஷாம்பு கிடைத்தது, நல்லதுதான். ஆனால் காலிப் பாக்கெட்டை வாங்க எந்தக் காயலான் கடையும் இல்லை. கேரி பேக், பிஸ்கட் கவர், தெர்மாகோல் என்று விலையில்லாத பொருள்கள் வீட்டுக்குள் பெருகின. விலையில்லாதது ஏரிக்கரைக்கும் கால்வாய்க்கும் போயிற்று.

இதைச் சரிசெய்ய நடந்த முயற்சிகளில் சிலவற்றைப் பார்ப்போம். 1989-இல் சென்னையில் எம்.பி. நிர்மல் 'எக்ஸ்னோரா' இயக்கத்தைத் தொடங்கினார். அவரும் ஒரு வங்கியாளர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. தெருக்காரர்களே மாதம் ஒரு தொகை போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஒருவரை அமர்த்தி, வீடு வீடாகக் குப்பை எடுக்க வைத்தார்கள். நம்மைப் போன்ற குடியிருப்போர் சங்கங்களுக்கு அது ஒரு முன்மாதிரி.

2000-இல் மத்திய அரசு நகராட்சித் திடக்கழிவுக்கு விதிகள் கொண்டுவந்தது. 2002-இல் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், கல்லூரி வளாகத்திலேயே பிளாஸ்டிக் கலந்த சாலை போட்டுக் காட்டினார். சூடான ஜல்லியில் பிளாஸ்டிக் துகளைத் தூவினால் அது உருகிக் கல்லின் மேல் படியும். அதன்பின் தார் கலப்பார்கள். யாரும் வாங்காத கேரி பேக்குக்கு அவர் ஒரு வேலை கொடுத்தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

2016-இல் வந்த புதிய விதிகள் பொறுப்பை நம் வாசலுக்கே கொண்டுவந்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டியது வீட்டுக்காரர் கடமை என்று அவை சொல்லின. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை போட்டது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. 2022-இல் நீலகிரியில் மதுப் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தரும் திட்டம் தொடங்கியது. காட்டில் யானைக் காலைக் கிழித்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. விலை வைத்தால் பொருள் திரும்பி வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இன்றைய நிலவரத்தையும் பொருள்வாரியாகச் சொல்லிவிடுகிறேன். இரும்பு, அலுமினியம், கண்ணாடி மூன்றையும் எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. காகிதத்தின் நார் ஒவ்வொரு முறையும் குட்டையாகும், அதனால் சில சுற்றுகள்தான். அதிலும் சாம்பார் சிந்திய காகிதத்துக்கு விலை கிடையாது. தண்ணீர் பாட்டில் நூலிழையாகிப் பாலியெஸ்டர் துணியாகும். பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் எடைக்குப் போடலாம். பிஸ்கட், சிப்ஸ் கவரில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிக் கிடப்பதால் பிரிக்க முடிவதில்லை. அவை பெரும்பாலும் சிமெண்ட் சூளையில் எரிபொருளாகத்தான் போகின்றன. தெர்மாகோலில் பெரும்பகுதி காற்று, லாரி வாடகைக்குக்கூடக் கட்டாது. டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது, அதை உடைக்கவே கூடாது.

வங்கியில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத பதிவைத் தற்காலிகமாக 'சஸ்பென்ஸ்' கணக்கில் போடுவோம். அதை நாள்படத் தீர்க்காமல் விட்டால் ஆடிட்டர் வந்து கேட்பார். பிரிக்காத குப்பைக் கவரும் ஒரு சஸ்பென்ஸ் கணக்குதான். நாம் அரை நிமிடத்தில் செய்யக்கூடிய பதிவை, வேறு யாரோ வெறும் கையால் தீர்க்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளைத் (பொ.ஆ. 919, 921) தேடி வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். குடவோலைத் தேர்தலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி தேர்தலில் நிற்க முடியாது என்று அதே கல்வெட்டு சொல்வதை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏரி வாரியமே வைத்திருந்த ஊர் இது.

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களை முன்வைக்கப் போகிறேன். ஒன்று, வீட்டுக்கு மூன்று வாளி. மக்குவதற்கு ஒன்று, மக்காததற்கு ஒன்று, உடைந்த கண்ணாடி, பேட்டரி, காலாவதி மாத்திரை போன்றவற்றுக்கு ஒரு சிறிய வாளி. நாப்கின், டயாபர் போன்றவற்றைக் காகிதத்தில் சுற்றித் தனியாகத் தர வேண்டும். இரண்டு, மாதம் எத்தனை கிலோ எடைக்குப் போனது, எவ்வளவு பணம் வந்தது என்ற கணக்கு இந்த இதழில் வர வேண்டும். அந்தப் பணம் குப்பை எடுப்பவர்களுக்குக் கையுறை, காலணி வாங்கச் செலவாகட்டும். கணக்கு எழுதும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், சம்பளம் வேண்டாம்.

ஆதரவாகவோ எதிர்ப்பாகவோ, பொதுக்குழுவுக்குத் தவறாமல் வாருங்கள்.